பலவேசம் சொன்ன நிறம்

முதலில் அநியாயம் செய்தது கோமதிநாயகம்தான், அதை யாரும் மறக்க வேண்டாம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஏழாம்பத்து நகரத்தில் பஸ் கம்பெனிக்கு டிரைவர் எடுத்த அன்றைக்கு, நாற்பத்து மூன்று பேர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். பதினேழாவது ஆளாக நின்ற பலவேசத்தின் முகத்துக்கு நேரே டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்து, இந்தப் புள்ளிகளுக்குள் ஒரு எண் இருக்கிறது, என்ன எண் என்று கேட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் பலவேசம், எண் என்றால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார், அன்றைக்கும் யோசித்தார். அவர் யோசித்த அந்த இடைவெளியில், பதினெட்டாவது ஆளாகப் பின்னால் நின்ற கோமதிநாயகம், அடுத்த வீட்டுக்காரன், ஒரே வாளியில் தண்ணீர் இறைத்துக் குளித்தவன், சிரித்துக்கொண்டே வாயை விட்டான்.

"சார், இவனுக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுதான். தக்காளி வாங்கிட்டு வான்னா காயாத்தான் வாங்கியாருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், சிரித்த கையோடு தாளில் என்னவோ எழுதினார். சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் கோமதிநாயகத்தின் பெயர் இருந்தது, பலவேசத்தின் பெயர் இல்லை. அதற்கப்புறம் கோமதிநாயகம் இருபத்திரண்டு வருஷம் காக்கிச் சட்டை போட்டுப் பஸ் ஓட்டி, முழங்கால் தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பலவேசம் தண்ணீர் லாரி ஓட்டினார், கோமதிநாயகத்தின் வீட்டுத் தொட்டிக்கும் அவர்தான் தண்ணீர் விட்டார், விடும்போது முகத்தை வடக்குப் பக்கம் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பலவேசம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாலை வேண்டாம், காலில் விழ வேண்டாம். சிரித்த அதே வாயால், ஊர் ஆட்கள் காதில் விழும்படியாக, 'நான் அன்னைக்குச் சொன்னது பொய்' என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். அந்த நாலு வார்த்தை அவருக்கு வர வேண்டியிருந்தது. வரவில்லை.

இப்படி இருக்கும்போது ஏழாம்பத்தில் மேலே இடம் தீர்ந்துபோனது. ரோட்டின் இரண்டு பக்கமும் கடை வந்து, கடைக்கு முன்னால் தள்ளுவண்டி வந்து, தள்ளுவண்டிக்கு முன்னால் அதில் வாங்குகிறவர்களின் மோட்டார் சைக்கிள் வந்து, கடைசியில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு ரோடு சுருங்கியபோது, பூமிக்கு அடியில் ரயில் விட ஒரு கம்பெனி வந்தது. ஆறு ஸ்டேஷன், ஒரே தடம். ரயில்களை நிறுத்தும் பணிமனைக்கு ஊருக்கு மேற்கே உடைமரக் காட்டை எடுத்தார்கள். அதில் சர்வே எண் நூற்றுப் பதினாலில் ஒன்று பலவேசத்துடையது, நூற்றுப் பதினாலில் இரண்டு கோமதிநாயகத்துடையது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். லாரி, பஸ் ஓட்டியிருந்தால் ஐம்பத்தைந்து வயது வரைக்கும் டிரைவராகவே எடுப்போம் என்றும் சொன்னார்கள். பலவேசத்துக்கு ஐம்பத்தொன்று. இரண்டு பெண்களையும் வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டதால் அவரே மனுவில் கைநாட்டு இல்லாமல் கையெழுத்தே போட்டார். கோமதிநாயகத்தின் ஒரே மகன் கப்பலில் இருந்தான். அதனால் கோமதிநாயகமும் போட்டான்.

தொண்ணூறு நாள் பயிற்சி, முடிவில் ஒரு ஓட்டப் பரீட்சை. தேறாவிட்டால் நிலமும் போயிற்று, வேலையும் போயிற்று. தேறினால், டிரைவர் என்று போட்ட அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம்; அப்படி நடக்கும்போது கோமதிநாயகம் அந்த நாலு வார்த்தையைச் சொல்லாமல் எந்தச் சந்துக்குள் போய் ஒளிந்துகொள்வான் என்று பார்த்துவிடலாம். பலவேசம் போனது அதற்குத்தான்.

கண் பரிசோதனைக்கு ஒரு இருட்டறையில் உட்காரவைத்து, எதிரே விளக்கு எரியும், நிறத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். முதல் விளக்கு எரிவதற்குள் கரண்ட் போய்விட்டது. டாக்டருக்குச் சாப்பாட்டு நேரம். "இருட்டுல நான் உக்காந்திருக்கது தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றார் பலவேசம். இருட்டிலேயே தெரிந்தால் வெளிச்சத்தில் தெரியாமலா போகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பயிற்சி கொடுக்க வந்தவள் ஜெபக்கனி என்ற பெண். முப்பத்து மூன்று வயது. வேறு ஊர்ச் சுரங்க ரயிலை எட்டு வருஷம் ஓட்டியவள். சத்தம் போட்டுப் பேசாத ஆள். முதல் நாளே, வண்டிக்கு இரண்டு பேர், ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஜோடி பிரித்தார்கள். ஆபீஸில் இருந்த குமாஸ்தா, நிலத்தாள்களை அடுக்கியபடியே ஆட்களையும் அடுக்கினார். நூற்றுப் பதினாலில் ஒன்றுக்கு ஜோடி நூற்றுப் பதினாலில் இரண்டு.

பலவேசம் தனியாகப் போய் முடியாது என்றார். கோமதிநாயகமும் தனியாகப் போய் முடியாது என்றான். ஜெபக்கனி இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"ரெண்டு அண்ணாச்சியும் பேசிக்கிட வேண்டாம். இந்த வேலையில பேச்சே கிடையாது. ஒருத்தர் சிக்னலப் பாத்து, கைய நீட்டி, வெரலக் காட்டி, என்ன கலர்னு சத்தமாச் சொல்லணும். மத்தவர் அதைப் பாத்து அப்படியே திருப்பிச் சொல்லணும். இவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா சரி," என்றார் பலவேசம், ஜெபக்கனியைப் பார்த்து.

"எனக்கும் சரி," என்றான் கோமதிநாயகம், ஜன்னலைப் பார்த்து.

பயிற்சித் தடத்தில் முதல் சிக்னல் வந்தது. பலவேசம் கையை நீட்டினார். "சிக்னல் நாலு, பச்சை." பக்கத்தில் இருந்து, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, மூக்கடைத்த ஒரு குரல் வந்தது. "நாலு, பச்சை." இருபத்தாறு வருஷம் கழித்து அந்த வாயில் இருந்து அவருக்கு வந்த முதல் சொல் அது. பலவேசத்துக்கு ஒரு மாதிரி இனித்தது. தான் எதைச் சொன்னாலும் இவன் திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்ததும், அன்றைக்கு முழுவதும் சிக்னலோடு நிற்காமல் தூண், தண்ணீர்க் குழாய், தீயணைக்கும் வாளி, ஜெபக்கனியின் குடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் நீட்டி நீட்டிச் சொன்னார். கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். அந்த நாலு வார்த்தையையும் இதே போல் சொல்லிவிட்டால் திருப்பி வாங்கிவிடலாமே என்று பலவேசம் வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்தார். ஆனால் அதை முதலில் தன் வாயால் அல்லவா சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியதும் விட்டுவிட்டார்.

கை தானாக எழும்ப வேண்டும், அதுவரைக்கும் வீட்டிலும் தெருவிலும் எல்லாவற்றையும் காட்டிச் சொல்லிப் பழகுங்கள் என்று ஜெபக்கனி சொல்லியிருந்தாள். பலவேசம் சொன்னதைச் செய்கிற ஆள். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். சிவப்பு, நீலம், மஞ்சள், ஊதா என்று முப்பத்தோரு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் இருந்தன. அவர் கை தானாக எழும்பிற்று.

"குடம், பச்சை," என்றார்.

முப்பத்தோரு குடமும் பச்சையாயின.

தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, பிளக்க நேரமில்லை. குழாயில் தண்ணீர் இன்னும் இருபது நிமிஷம்தான் வரும். யார் குடம் எது என்பதுதான் பிரச்சினை. அந்தத் தெருவில் குடத்தை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். முதல் நாள் ராத்திரியே குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற தெரு அது. இப்போது தூக்கிப் பார்த்து, நெளிசலைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, சத்தியம் பண்ணி, ஒரு வழியாகப் பிரித்துக்கொண்டார்கள். மறுநாள் கழுத்தில் ஆளுக்கொரு துணியைக் கட்டினார்கள்; பலவேசம் வந்து துணியையும் பார்த்துச் சொன்னார். மூன்றாம் நாள் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஆளுக்கொரு சூடு போட்டார்கள், அதோடு அந்தச் சண்டை ஓய்ந்தது.

பலவேசத்தின் மனைவி பிரம்மசக்தி மட்டும் இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டாள்.

"நம்ம கொடம் நேத்து வரைக்கும் சிவப்புல்லா?"

"அது எப்பமும் பச்சைதான்ளா."

"நான் கடையில பொறுக்கி எடுத்த கொடம். செவச்செவன்னு இருந்துச்சு."

"நான் என்ன மாத்தியா சொல்லுதேன்? கண்டதைச் சொல்லுதேன்."

இதுதான் பலவேசம். அவர் வாயால் சொன்னால் நிறம் மாறும் என்பதை ஊர் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. நான் கண்டதைத்தான் சொல்கிறேன், உங்களுக்கெல்லாம் இப்போதுதான் கண் திறந்திருக்கிறது என்றார். கேட்டுக்கொண்டதற்காக ஒரு நிறத்தைச் சொல்ல மாட்டார். ஆகையால் அவரிடம் காரியம் ஆக வேண்டியவர்கள் அவருக்கு அப்படித் தெரியும்படி செய்ய வேண்டியிருந்தது. நரைத்த தலைக்காரர்கள் சாயங்கால நேரமாக வந்து, புளியமரத்து நிழலில் தலையைக் குனிந்து, "நல்லாப் பாருங்க அண்ணாச்சி, கருகருன்னு இல்ல?" என்று நின்றார்கள், சிலருக்குக் கருத்தது, முழங்கால் வலி மட்டும் அப்படியே இருந்தது. மாங்காய் வியாபாரி கூடையைக் கொண்டுவந்து வைத்து, அடியில் வைத்த ஒரு பழத்தின் வாசனையை விசிறியால் அவர் பக்கம் வீசினான்; காய் மஞ்சளாகியது, கடித்தவர்களுக்குப் பல் கூசியது. வெள்ளை ரேஷன் அட்டைக்காரர்கள் அதை வாழையிலைக்கு நடுவில் வைத்துக் காட்டினார்கள். பச்சை அட்டைக்குத்தான் அரிசி உண்டு. ரேஷன் கடைக்காரர் அட்டையை வாங்கியதும், "நேரா வீட்டுல இருந்து வாரீயளா, பலவேசம் அண்ணாச்சி வாசல் வழியா வாரீயளா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளத் தொடங்கினார். இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே நாளில் வந்து, எங்கள் கொடியின் நிறத்தை நன்றாகச் சொல்லுங்கள் என்று இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நிறுத்தினார்கள். பலவேசம் அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டும் வெளுத்துப் போச்சு," என்றார். அன்றைக்கு ஏற்றிய புதுக்கொடி இரண்டும் வேட்டித்துணியாகத் தொங்கின.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு தாய் மகளை இழுத்துக்கொண்டு வந்து, "எம்புள்ள நல்ல செவப்புதானே, சொல்லுங்க," என்றாள். பலவேசம் கையைத் தூக்குவதற்குள் அந்தப் பெண்ணே சொன்னாள்: "மாமா, நீங்க அந்தப் பக்கம் தண்ணி லாரியப் பாத்து என்னத்தையாச்சும் சொல்லுங்க. நான் இப்படியே இருந்துக்கிடுதேன்." பலவேசத்துக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. லாரியைப் பார்த்துச் சொன்னார். லாரிதான் பாவம்.

டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பலவேசத்துக்குக் கண் சரியில்லை, உலகம்தான் அவருக்கு வளைந்துகொடுக்கிறது என்றது ஒரு கட்சி. அவருக்குச் சரியாகத் தெரிகிறது, நமக்குத்தான் இத்தனை நாள் தப்பாகத் தெரிந்திருக்கிறது என்றது இன்னொரு கட்சி. எப்படி நிரூபிப்பது என்று இரண்டு கட்சிக்கும் தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு போய்ப் பார்த்தால் சொன்னபடிதான் இருக்கும்.

"அதிசயமாம் அதிசயம்," என்றான் கோமதிநாயகம், டீயை ஆற்றிக்கொண்டே. "இருவத்தாறு வருஷம் முன்னாலயே நான் சொன்னேன். ஒருத்தனும் எம்பேரச் சொல்ல மாட்டேங்கான்."

"ஓய், ஒம்ம வீட்டுக் காம்பவுண்டுச் சுவரு என்ன கலரு?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பொங்கலுக்கு நீலம் அடிச்சேன்."

"இப்பம்?"

கோமதிநாயகம் டீயைக் குடித்தான்.

கம்பெனியில் இதை யாரும் அதிசயம் என்று எழுதவில்லை. பயிற்சி ஆள் சொன்ன நிறத்துக்கும் சிக்னலின் நிறத்துக்கும் ஒரு தடவைகூட வித்தியாசம் இல்லை என்றுதான் எழுதினார்கள். அறுபது நாளில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரே ஆள் பலவேசம். கோமதிநாயகத்துக்குத் தொண்ணூற்று நாலு. இருமல் வந்து இரண்டு சிக்னலைத் திருப்பிச் சொல்லாமல் விட்டிருந்தான். மதிப்பெண் பட்டியலை ஒட்டிய பலகைக்கு முன்னால் பலவேசம் மூன்று நாள் காரணமில்லாமல் நின்றார்.

ஜெபக்கனி மட்டும் சரியாகத் தூங்கவில்லை. அறுபத்தேழாம் நாள் சுரங்கத்துக்குள் போகும்போது, வளைவுக்கு முன்னால் ஒரு சிக்னல் எரிந்தது. அது சிவப்பு என்று அவள் கண்ணால் பார்த்தாள். பலவேசம் கையை நீட்டி, "சிக்னல் ஏழு, பச்சை," என்றார். அது பச்சையாயிற்று. கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தபோது பச்சையாகத்தான் இருந்தது; அவனும் "ஏழு, பச்சை," என்றான். ஜெபக்கனி எட்டித் தன் பக்கத்துப் பிரேக்கை இழுத்தாள். வளைவுக்கு அந்தப் பக்கம், தண்டவாளம் பார்க்கிற தள்ளுவண்டி ஒன்று ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. ரயில் அதன் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அன்றைக்குக் கேண்டீனில் அவள் பலவேசத்தின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, வெளக்கு ஓங்க சொல்லக் கேக்கு. தள்ளுவண்டி கேக்காது."

பலவேசம் வடையைப் பிய்த்தபடி இருந்தார்.

"ஒரே ஒரு வழிதான். இனிமே மொதல்ல அவரு சொல்லட்டும். நீங்க திருப்பிச் சொல்லுங்க. நான் சொன்னத நீங்க திருப்பிச் சொன்னப்ப எதுவும் மாறல, பாத்துட்டேன்."

"அவன் வாயில இருந்து கலர வாங்கி நான் சொல்லணுமா?"

"ஆமா."

"எந்த வாயி பச்சையும் செவப்பும் எனக்குத் தெரியாதுன்னுச்சோ, அந்த வாயில இருந்து."

"அந்த வாயிதான் இங்க இருக்கு. வேற வாயிக்கு நான் எங்க போவேன்?"

"அப்பம் அவன் அன்னைக்குச் சொன்னது நெசம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆகும், தாயி."

ஓட்டப் பரீட்சையில் முதலில் சொல்ல வேண்டிய முறை நிலத்தாள் வரிசைப்படி அவருக்குத்தான், தன்னால் மாற்ற முடியாது, அவராகக் கேட்டால்தான் மாற்றலாம் என்று சொல்லிவிட்டு ஜெபக்கனி எழுந்து போனாள்.

பரீட்சைக்கு முந்தின மத்தியானம் பலவேசம் அடுப்படிக்குப் போய், ஒரு பச்சை மிளகாயையும் பழுத்த மிளகாயையும் எடுத்து, கொல்லையில் வெயிலில் ஒரு கல்லின் மேல் அடுத்தடுத்து வைத்தார். கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வாயை இறுக மூடிக்கொண்டார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிரம்மசக்தி வந்து பக்கத்தில் நின்று, அவரையும் மிளகாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு மொளகா," என்றார் பலவேசம்.

அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் குழம்பில் போட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பரீட்சை. தலைமை அலுவலகத்தில் இருந்து வந்த அதிகாரி, மடிப்புக் கலையாத சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு ஓட்டுநர் அறையின் பின்பக்கம் நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஜெபக்கனி. முன்னால் கைப்பிடியைப் பிடித்துப் பலவேசம், இடது பக்கத்தில் கோமதிநாயகம். கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் வண்டி ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். முதல் ஸ்டேஷன் போயிற்று, இரண்டாம் ஸ்டேஷன் போயிற்று. ஒவ்வொரு சிக்னலிலும் ஜெபக்கனி முதலில் பார்த்துக்கொண்டாள். ஆறு சிக்னலும் பச்சையாகவே எரிந்தன, பலவேசமும் பச்சை என்றே சொன்னார், கோமதிநாயகமும் திருப்பிச் சொன்னான், அதிகாரி ஆறு தடவை டிக் போட்டார். ஜெபக்கனியின் கை பிரேக்குப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, "நீங்க தொடக் கூடாது, இது பரீட்சை," என்றார்.

மூன்றாம் ஸ்டேஷனைத் தாண்டி வளைவு வந்தது. வளைவுக்கு முன்னால் சிக்னல் ஏழு.

பலவேசத்தின் கை தானாக எழும்பிற்று. விரல் நீண்டது. நாக்கின் நுனிவரைக்கும் பச்சை என்ற சொல் வந்து உட்கார்ந்திருந்தது. அவர் கண்ணுக்கு அது பச்சையாகத்தான் இருந்தது, அல்லது பச்சை என்று எதை அவர் ஐம்பத்தொரு வருஷமாக நினைத்திருந்தாரோ அதுவாக இருந்தது. சொல்லிவிட்டால் பச்சையாகிவிடும், ஏழாவது டிக் விழும், நூற்றுக்கு நூறு. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்பது அந்த விளக்குக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது; அவர் வாயைத் திறந்தால் விளக்குக்கும் மறந்துபோகும்.

அவர் சொல்லவில்லை. கையை நீட்டியபடியே வாயை மூடிக்கொண்டு நின்றார். முந்நூறு மீட்டர். கோமதிநாயகம் திருப்பிச் சொல்லக் காத்துக்கொண்டிருந்தான். முறை அவனுடையதில்லை, முந்திச் சொன்னால் அவனுக்கு மதிப்பெண் போய்விடும். அதைவிட, இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் தானாக முதலில் பேசியவன் என்ற பெயர் அவனுக்கும் வேண்டாம். இருநூற்றைம்பது மீட்டர். அதிகாரியின் பேனா தாளில் ஊன்றி நின்றது. ஜெபக்கனி இரண்டு கையையும் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். இருநூறு.

"என்ன கலர்வே?" என்றார் பலவேசம்.

கோமதிநாயகம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு விளக்கைப் பார்த்தான்.

"சிவப்பு."

"சிவப்பு," என்றார் பலவேசம், கைப்பிடியில் இருந்த கையை எடுத்தார்.

ரயில் கீச்சென்று இழுத்துக்கொண்டு போய், சிக்னல் கம்பத்துக்குப் பத்தடி முன்னால் நின்றது. எல்லோரும் இறங்கிப் போய் வளைவைப் பார்த்தார்கள். தண்டவாளத்தின் மேல் தடம் பார்க்கிற வேலையாட்கள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எழுந்து, "சார், டீ சாப்பிடுதீயளா?" என்று கேட்டான். அதிகாரி வாங்கிக்கொண்டார். குடித்துவிட்டு, சந்தேகம் வந்தபோது பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு வண்டியை நிறுத்தினார், தகுதியுள்ளவர் என்று பலவேசத்தின் தாளில் எழுதினார். பத்து வரி விதிகளில் முதல் விதியே அதுதான் என்றார். கேட்டதற்குச் சரியாகச் சொன்னார், தகுதியுள்ளவர் என்று கோமதிநாயகத்தின் தாளில் எழுதினார். அதோடு, இந்த ஜோடியில் இரண்டாமவரே எப்போதும் முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு உத்தரவும் போட்டார்.

பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகத்துக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை.

"கேட்டீருல்லா?"

"கேட்டேன்."

"தெரியாமத்தானே கேட்டீரு? அப்பம் நான் அன்னைக்குச் சொன்னது சரிதானே?"

"ஒமக்குத் தெரியுதான்னு பாக்கக் கேட்டேன்வே. இருவத்திரண்டு வருஷம் எதிர்வெயில்ல பஸ் ஓட்டுன கண்ணு."

"அது செவப்புன்னு ஒமக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?"

"நீரு சொன்னதும் செவப்பாத்தான் இருந்துச்சு."

"நான் சொல்லுததுக்கு முன்னாலயே செவப்பாத்தான்வே இருந்துச்சு."

"அத எப்படி நம்புதது?" என்றார் பலவேசம். "பச்சையா நின்னத நீரு செவப்புன்னு சொல்லி மாத்திட்டீரோ என்னமோ. ஊருல இப்பம் இந்த மாதிரி நடக்குன்னு பேசிக்கிடுதாவ."

எட்டுப் பேரும் மண்வெட்டியோடு அவர்களைக் கடந்து மாடிப்படி ஏறிப் போனார்கள். இருவரும் அவர்கள் போவதைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்தார்கள்.

"எட்டுப் பேருக்கு ஒரு வார்த்தை சொல்லி வண்டிய நிப்பாட்டுனேன்," என்றான் கோமதிநாயகம். "அதுக்காச்சும் ஒரு நன்றி சொல்லலாம்லா."

"நீரு எனக்கு நாலு வார்த்தை சொல்லணும். அது வரட்டும், பெறவு பாக்கலாம்."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"அப்பம் இருக்கட்டும்."

இருந்தது. இருவருக்கும் ஒரே நாளில் அட்டை வந்தது. ஊரில் பேச்சும் சேர்ந்தே வந்தது. கண் தெரியாதவர் கட்சியும் தெரிந்தவர் கட்சியும் தங்கள் கட்சிதான் ஜெயித்தது என்று டீக்கடையில் இனிப்புக் கொடுத்தார்கள். தெருவில் பலவேசம் வரும்போது பெண்கள் நிறம் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு விலைவாசி பற்றிப் பேசினார்கள், குழந்தைகளுக்கும் அப்படியே பழக்கினார்கள். அவரும் வேலை தவிர மற்ற நேரத்தில் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பூமிக்கு அடியில் ஒரு நாளைக்குப் பதினாறு நடை, கோமதிநாயகம் சிக்னலைச் சொல்கிறான், பலவேசம் திருப்பிச் சொல்கிறார், ரயில் போகிறது.

நாலாவது ஸ்டேஷனுக்கும் ஐந்தாவது ஸ்டேஷனுக்கும் நடுவில் பெரிய குளத்துக்கு அடியில் தடம் நீளமாகப் போகிறது. அங்கே சிக்னலே கிடையாது. நாலு நிமிஷம், சொல்வதற்கும் திருப்பிச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. அந்த இடம் வந்ததும் பலவேசம் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார், நாலு நிமிஷம் நாலரை ஆகும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, இடது காதை மட்டும் கொஞ்சம் சாய்த்துக் கொடுப்பார். வண்டி இங்கே ஏன் ஊர்கிறது என்று முதல் வாரத்தில் புகார் எழுதிய பயணிகள், விஷயம் தெரிந்ததும் எழுதுவதை விட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் குளத்துக்கு அடியில் வண்டி நுழைந்ததும் பெட்டிகளில் பேச்சு நின்றுவிடுகிறது. பூக்காரிகள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு காதைக் கொடுக்கிறார்கள். போன் பேசுகிறவர்கள், ஒரு நிமிஷம் இரு, குளம் வந்திட்டு என்று போனைக் கீழே இறக்கிக்கொள்கிறார்கள். அழுகிற பிள்ளைக்கு வாயில் பிஸ்கட்டைக் கொடுக்கிறார்கள். முந்நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு, சக்கரம் உருளுகிற சத்தத்துக்கு மேலே, ஓட்டுநர் அறையில் இருந்து நாலு வார்த்தை வருகிறதா என்று கேட்கிறார்கள்.

கோமதிநாயகம் தொண்டையைக் கனைக்கிறான். பலவேசத்தின் காது இன்னும் கொஞ்சம் சாய்கிறது. குளம் முடிகிறது, கோமதிநாயகம் கையை நீட்டுகிறான்.

"சிக்னல் பதினொண்ணு, மஞ்சள்."

"பதினொண்ணு, மஞ்சள்," என்கிறார் பலவேசம்.

முந்நூறு பேரும் மூச்சை விட்டுவிட்டு, விட்ட இடத்தில் இருந்து பேசத் தொடங்குகிறார்கள்.